கொட்டிலில் இறுகிக் கிடந்த எஞ்சின்

மகனே, சுற்றிவிட்டது, சுற்றிவிட்டது, எங்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சின் சுற்றி, இருமி, புகைத்து, ஓடியும் விட்டது, உன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டேன்!

தாளின் ஓரத்தில் கறுப்பாக இருப்பது என் பெருவிரல். சவர்க்காரம் போட்டு உரஞ்சியும் போகவில்லை. கை காயட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் உன் அம்மா சொன்னாள். யாரால் பொறுக்க முடியும்? இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றது எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள வாசிகசாலையின் பலகைக்கு. உலக யுத்தகாலத்தில் பெற்றோல் கூப்பன் வந்ததோடு வண்டியை மூடிக் கட்டிவைத்தவர்கள் வெள்ளவத்தையில் எத்தனையோ பேர். போன கிழமைகளில் எங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, அசைஞ்சதோ?" என்று கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல எனக்கு வாய் காணாது. அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் இதில் திரும்பச் சொல்வேன். கோபிக்காதே. பலகையில் வாசிக்கிறவர்களுக்கும் விளங்கவேண்டும்.

அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ பதுளையில் சுகாதாரப் பரிசோதகராகத் தற்காலிகமாக இருக்கிறாய். சைக்கிளை மிதித்தும் தள்ளியும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறாய். உன் மேலதிகாரி இந்த மாதத் தொடக்கத்தில் கூப்பிட்டு, நிரந்தர இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் சொந்த மோட்டார் சைக்கிள் உள்ளவருக்குத்தான், அடுத்த மாதம் பிறப்பதற்குள் சுகாதாரக் கந்தோர் முற்றத்தில் அதைக் கொண்டுவந்து காட்டினால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். புது மிசின் இப்போது கொழும்பிலேயே கண்ணில் காட்டக் கிடையாது. அது மட்டுமா, கொட்டாஞ்சேனையில் உனக்குப் பேசியிருக்கும் பவளத்தின் தகப்பனாரும், வேலை நிச்சயமாகட்டும், பிறகு நாள் வைப்போம் என்று சொல்லிக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் உன்னுடைய தபால் வந்தது. சுகம் விசாரிப்புக்கூட இல்லை. "அப்பா, எங்கட மிசின் ஓடுமோ?" என்று ஒரே வரி.

ஓடும் என்று அன்றைக்கே பதில் போட்டேன். போட்ட பிறகுதான் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன்!

நீ சின்னவனாய் இருந்தபோது அதன் பெற்றோல் தாங்கிமேல் உன்னை உட்காரவைத்து, மாலையில் கடற்கரை வீதியில் ஓட்டிப் போவேன். ஞாபகமிருக்கும். பிறகு யுத்தம் வந்தது. பெற்றோல் கூப்பனுக்கு மாறியது. கொழும்பில் குண்டு விழுந்ததும் நீயும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினீர்கள். நான் வேலையை விட முடியாமல் வெள்ளவத்தை வீட்டைப் பூட்டிப்போட்டு, கொட்டாஞ்சேனையில் சிநேகிதர்களோடு ஓர் அறையில் ஒதுங்கி, கந்தோர் இருக்கும் புதுக்கடைக்கு நடந்து போய்வந்தேன். மிசின் கொட்டிலில் தனியே நின்றது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஒன்றுதான். அந்த உப்புக் காற்றில் யன்னல் கம்பியே கறள் பிடித்து, துருவாகிப் பொருக்குப் பொருக்காய் உதிரும். யுத்தம் முடிந்து நீங்கள் திரும்பி வந்த பிறகும் பெற்றோலும் நேரமும் ஒன்றாய்க் கிடைக்கவில்லை. சாக்குப் போட்டு மூடியது மூடியபடி இருந்தது.

சாக்கை எடுத்தேன். எலி ஒன்று இருக்கையின் பஞ்சில் குடும்பம் நடத்தியிருந்தது. அது கிடக்கட்டும். கிக்கரில் காலை வைத்து மிதித்தேன். சுவரை மிதித்த மாதிரி! ஒரு நூலளவுகூட இறங்கவில்லை. நான் மேலே ஏறி நின்றேன், என் முழுப் பாரமும் அதன்மேல். அப்போதும் அது என்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போய்விட்டது. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மிசினுக்காக அல்ல, உனக்கு எழுதிப் போட்ட அந்தப் பதிலுக்காக.

உனக்குத் தெரியும், எனக்கு ஒருவரும் எஞ்சின் சொல்லித் தந்ததில்லை. பகலில் புதுக்கடையில் ஒரு பிறக்கிராசி வழக்கறிஞரிடம் கட்டுக்கட்டாய் வழக்குத் தாள் எழுதுகிற மனுசன். லண்டனிலிருந்து கப்பலில் வரும் மோட்டார் பத்திரிகைகளைப் பழைய கடையில் பொறுக்கி, படம் பார்த்து, கழற்றி, பூட்டி, பூட்டும்போது இரண்டு புரி ஆணி மிஞ்சி, மறுபடி கழற்றிப் படித்தவன். ஆனால் எஞ்சின் என்றால் எனக்குப் பைத்தியம். தெருவில் ஒரு மிசின் போனால் பார்க்காமலே அதன் சத்தத்தை வைத்து இன்ன மிசின் என்று சொல்வேன், உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காசிம் நானா வந்தார். அவரைத் தெரியாதவர்களுக்கு: ஜிந்துப்பிட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், என்னைப்போலவே மிசின் விசர் பிடித்தவர். யுத்தத்துக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் வத்தளை வீதியில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்து, ஆற்றுப் பாலத்தடியில் பொலிஸ்காரரிடம் ஏச்சு வாங்கியவர்கள். பிளக்கைக் கழற்றினோம். வழக்கத்தைவிட இறுக்கமாய் இருந்தது, அடியில் பிசுபிசுப்பு. கிடந்த காலத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சிலிண்டரின் மேல் மூடியையும் கழற்றினோம். பிஸ்டன் பாதி வழியில் நின்றது. அதன் தலையில் கபில நிறத்தில் தடிப்பாய் ஒரு படை.

"இது எனத்தய்யா, தொதல் அலுவா மாதிரி ஈக்கி?" என்றார் நானா.

"எரிஞ்ச எண்ணெய்க் கழிவு நானா. அதைச் சுரண்டி எடுப்பம். கீழை கறள்தான் பிடிச்சிருக்கு."

"கறள்டா ஒரே மருந்துதான். மரக்கட்டைய மேல வச்சி, சுத்தியலால ஒரே ஒரு போடு. சலார்ன்டு எறங்கிரும்."

"பிஸ்டன் உடைஞ்சால்?"

"ஒடஞ்சா ஒடஞ்சி. இப்ப மட்டும் ஓடிக்கிட்டா ஈக்கி?"

மகனே, சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி அதற்குமேலேயே உட்கார்ந்துகொண்டேன். அலுமினியப் பிஸ்டன், மெல்லிய வளையங்கள். ஓர் அடியில் வளையம் நொறுங்கிச் சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டால், மாற்றுவதற்குச் சாமான் இந்தத் தீவிலேயே இல்லை. நானாவின் தம்பியுடைய மிசினுக்கு நடந்தது அதுதான். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அதுவும் நின்றது. கறள் பிடித்து இறுகி, அடித்து இறக்கிப் பார்த்தால் சிலிண்டர் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. இப்போது அதன்மேல் கோழி அடைகிறது. இதை நானாவுக்கு நினைவுபடுத்தியதும் அவரே மரக்கட்டையை எடுத்து மூலையில் எறிந்தார்.

அப்புறம் நான் படித்த வைத்தியத்தைத் தொடங்கினேன். பிஸ்டனுக்கு மேலே மண்ணெண்ணெய் நிறைய ஊற்றிவிட்டுக் காத்திருப்பது. கறளாக இருந்தால் மண்ணெண்ணெய் இடுக்கு வழியே மெல்ல மெல்லக் கீழே ஊறி இறங்கும். இறங்கும்போது இளக்கும். காலையில் கந்தோருக்குப் போகுமுன் பார்ப்பேன், பின்னேரம் வந்து சட்டை மாற்றாமலே பார்ப்பேன். ஊற்றிய மட்டம் ஊற்றியபடியே நின்றது! ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைக் கண்டதும் நான் யோசித்திருக்க வேண்டும். கறள் ஒருநாளும் அவ்வளவு நேர்த்தியாய் அடைக்காது. நான் யோசிக்கவில்லை. இன்னும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். மண்ணெண்ணெயோடு எஞ்சின் எண்ணெய் கலந்து ஊற்றினேன். மறுபடி ஆட்டினேன். சக்கரத்தை ஆட்டி ஆட்டி என் தோள்மூட்டுதான் இறுகிப்போனது. எஞ்சின் அசையவில்லை. நாட்காட்டித் தாள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிழிந்துகொண்டு போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையைத் தூக்கவே முடியவில்லை. உன் அம்மா என்னை விறாந்தைக் கதிரையில் இருத்தி, மணலை வறுத்துத் துணியில் பொட்டலமாய்க் கட்டி, தோளுக்கு ஒத்தணம் கொடுக்கத் தொடங்கினாள். சுடச்சுட வைத்து எடுக்க, பூட்டு விட்ட மாதிரித் தோள் இளகியது. எனக்கு ஒரு சுகம். கண்ணை மூடிக்கொண்டு இருந்தவன் திடீரென்று எழும்பி, அவள் கையிலிருந்த மணல் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினேன்!

"ஐயோ, இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சது? சுடப்போகுது!" என்று பின்னால் அவள் சத்தம்.

சூடு! சிலிண்டர் இரும்பு, பிஸ்டன் அலுமினியம், இரண்டும் சூட்டில் ஒரே மாதிரி விரியாது. சூடாக்கி ஆறவிட, மறுபடி சூடாக்கி ஆறவிட, ஒட்டு ஏதும் இருந்தால் வெடித்துக் கொடுக்கும். ஊதுவிளக்கு நெருப்பைக் காட்டலாம் என்று நானா முன்பே சொன்னார். ஆனால் ஒரே இடத்தில் சூடேறினால் இரும்பு வெடிக்கும், மண்ணெண்ணெயும் பற்றும் என்று நான் பயந்திருந்தேன். மணல் சூடு அப்படியல்ல. ஆறுதலாக, சுற்றிவர இறங்கும். இருந்த மண்ணெண்ணெயை எல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிலிண்டரின் செதில்களைச் சுற்றிப் பொட்டலங்களைக் கட்டினேன். அம்மாவும் முணுமுணுத்தபடி அடுப்படியில் மணலை வறுத்து வறுத்துக் கொண்டுவந்து தந்தாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு மணம் எழும்பியது. மண்ணெண்ணெய் மணம் அல்ல. எஞ்சின் எண்ணெய் மணமும் அல்ல. கத்தரிக்காய் பொரிக்கிற மணம்!

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை.

"இஞ்சாரும், இந்த மிசினுக்குள்ளை நல்லெண்ணெய் மணக்குது."

"ஓம், மணக்கும்தானே," என்றாள் உன் அம்மா, மிகச் சாதாரணமாய். "விட்டனான்."

"என்னத்தை விட்டனீர்?"

"நல்லெண்ணெய். அரைப் போத்தல். நாங்கள் யாழ்ப்பாணம் வெளிக்கிட முதல் நாள். நீங்கள் கந்தோருக்குப் போட்டியள். கறள் பிடிக்கப்போகுது, கறள் பிடிக்கப்போகுது எண்டு ஒரு கிழமையாச் சத்தம் போட்டுக்கொண்டு திரிஞ்சியளே ஒழிய, ஒண்டும் செய்யேல்லை. நான் அந்த வெள்ளை மூக்கைக் கழட்டி, உள்ளுக்கு விட்டு, திருப்பி இறுக்கிப் பூட்டினனான்."

வெள்ளை மூக்கு என்றால் பிளக். பீங்கான் வெள்ளை.

"மிசினுக்கு ஆராவது நல்லெண்ணெய் விடுவினமோ!"

"ஏன், நீங்கள் சனிக்கிழமை தலையிலை வைக்கேல்லையோ? உங்கடை தலையும் இரும்புதானே, கறள் பிடிச்சதோ? சும்மா எண்ணெயில்லை, ஊரிலை செக்கிலை ஆட்டி என்ரை அம்மா தந்துவிட்டது. கடை எண்ணெய் எண்டு நினையாதேங்கோ."

கேட்டாயா மகனே? என் வாழ்நாளில் இப்படி ஒரு விடையை எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பின்னேரம் கதை கேள்விப்பட்டு வந்த காசிம் நானாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. "அக்கா, எண்ண வச்சீங்க சரி, சீயாக்கா வச்சி முழுக வாத்தீங்களா?" என்று கேட்டார். "அதுக்குத்தானே நானா இந்த மனுசன் இப்ப சுடுதண்ணி வைக்கிறார்," என்றாள் அவள்.

ஆனால் பார், அந்த மணத்தோடு எல்லாம் விளங்கிவிட்டது! நல்லெண்ணெய் மற்ற எண்ணெய் மாதிரி அல்ல. காற்றுப் பட்டு வருசக்கணக்காய் நின்றால் அது வார்னிஷ் மாதிரி இறுகும். எங்கள் அடுப்படி எண்ணெய்ப் போத்தலின் கழுத்தைத் தடவிப் பார், மஞ்சளாய்ப் பசையாய் ஒட்டியிருக்கும். பிஸ்டன் வளையங்களைச் சுற்றி அதுதான் நின்று காய்ந்து, கோந்தாகி, அடைப்பாகியிருந்தது. மண்ணெண்ணெய் இறங்காததும் அதனால்தான், அந்தத் தொதலும் அதுதான். நான் இல்லாத கறளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறளுக்கு ஊறவைக்க வேண்டும். பசைக்குக் கரைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

சலவைச் சோடா எண்ணெயை வெட்டும், ஆனால் அலுமினியத்தையும் தின்றுவிடும். அதனால் அதைத் தொடவில்லை. பிறைமஸ் அடுப்புக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டையும், நானா கடையிலிருந்து கொண்டுவந்த பெயின்ற் கரைக்கிற டேப்பன்டைனையும் பாதிக்குப் பாதி கலந்தேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் ஊற்றினேன். அது பற்றி எரியும் சாமான். சூடான இரும்பில் ஊற்றுகிறவன் மறுநாள் மீசை இல்லாமல் திரிவான். ஊற்றி, ஊறவிட்டு, வடித்துத் துடைத்து, கொட்டிலைத் திறந்து காற்றாட விட்டு, அதன் பிறகே சுடுமணல். ஆறியதும் மறுபடி மருந்து. இதையே திரும்பத் திரும்ப. ஒருநாள் காலையில் பார்த்தால் ஊற்றிய மட்டம் இறங்கியிருந்தது! விரல் நகத்தளவு. எனக்குக் கந்தோருக்குப் போக மனமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு. ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே மட்காட்டில் ஒரு கோடு போட்டேன். மேல் கியர். நானா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. பலம் காட்டவே கூடாது. நானாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம், மனுசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் அம்மா வாசலில் குந்தியிருந்து சோக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசைஞ்சது," என்றாள்.

"இல்லையம்மா, அது செயின் தளர்வு."

"செயினும் மண்ணாங்கட்டியும். கோடு விலகிப்போச்சு. கண்ணைத் திறந்து பாருங்கோ."

பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஓர் அரிசி அளவு இடைவெளி! பின்னுக்குத் தள்ளினோம், மூடியது. முன்னுக்கு, திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாய் அரிசி பயறாகி, பயறு கடலையாகி, பிறகு ஒரு முனகலோடு பிஸ்டன் கீழே இறங்கிப் போய்த் திரும்ப மேலே வந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. காசிம் நானாவைக் கட்டிப் பிடித்தேன் என்று உன் அம்மா சொல்கிறாள். அவருடைய வெள்ளைச் சட்டையில் என் இரண்டு கையும் பதிந்திருந்தது உண்மை. வீட்டில் அதற்கு என்ன பதில் சொன்னாரோ, பாவம்.

பிஸ்டன் கீழே நின்றபோது விளக்கைப் பிடித்துச் சிலிண்டர் சுவரைப் பார்த்தேன். மகனே, கண்ணாடி! என் முகம் தெரிந்தது. ஒரு புள்ளி கறள் இல்லை. அந்தக் கடற்கரைக் காற்றில் அத்தனை வருசம் நின்ற இரும்பு! இரண்டு வீடு தள்ளி நின்றது குழி விழுந்து போக, எங்களுடையது பட்டுப்போல இருந்தது, ஏனென்றால் உன் அம்மா ஊற்றிய எண்ணெய் காற்றை உள்ளே விடவில்லை. அது எஞ்சினை ஒட்டியதும் உண்மை, காப்பாற்றியதும் உண்மை. நான் செய்யாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வேலையை அவள் சத்தம் போடாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நானா நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கட தம்பிட பொஞ்சாதிக்கும் இந்தப் புத்தி வந்தீந்தா, கோழிக்கு வேற கூடு தேடிக் குடுத்திருப்பன்," என்றார்.

மிச்சத்தைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வாசிகசாலைப் பலகை காணாது. வளையங்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணினேன். கீழ்ப்பெட்டியிலிருந்த பழைய எண்ணெய், தப்பி இறங்கிய நல்லெண்ணெய் எல்லாவற்றையும் வடித்தேன். காபரேற்றர் துளைகளை ஊதினேன், மக்னீற்றோ முனைகளை மெல்லிய தாளால் தேய்த்தேன், நெருப்புப் பொறி நீலமாய்ப் பாய்ந்தது. உள்ளே இன்னும் எங்கோ ஒட்டியிருந்த நல்லெண்ணெய் முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது வெள்ளைப் புகையாய் ஒழுங்கையை நிறைத்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வாளியில் தண்ணீரோடு ஓடிவந்து, "மாத்தயா, கினி கத்தாத?" என்று கத்தினார், தீப்பிடித்துவிட்டது என்று. "நே, நே, மெஷின் எக்க," இல்லை, மிசின்தான் என்று நான் கத்த, புகையை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு, என்ன பொரிக்கிறீர்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டார்!

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினோம். பவளத்தின் தகப்பனாருக்கு வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை, சத்தத்தால்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். நான் தனியே போவதாய்த்தான் இருந்தது. உன் அம்மா புதுச் சீலை உடுத்துக்கொண்டு படியில் நின்றாள். "பஸ்ஸிலை நிண்டு நிண்டு என்ரை முழங்கால் போட்டுது. நான் எண்ணெய் விட்ட மிசின், நான் ஏறாமல் ஆர் ஏறுறது?" என்றாள். ஒரு பக்கமாய்க் காலைப் போட்டு உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். காலி றோட் முழுக்க இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். காலிமுகத்திடலில் கடல் காற்று அடித்தபோதுதான் என் காதுக்குக் கிட்ட வந்து, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகாதோ?" என்று கேட்டாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இந்த மனுசியை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவளத்தின் தகப்பனார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். மிசினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"சம்பந்தி, இது அந்தப் பழைய இரும்பே?"

"அதேதான்."

"நீங்களும் இதிலையோ வந்தனீங்கள்?" என்று உன் அம்மாவைக் கேட்டார்.

"பின்னை? பறந்தோ வந்தனான்?"

மனுசன் சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். வேலைக் கடிதம் வந்ததும் நாள் வைப்போம் என்று தானாகவே சொன்னார். எல்லாம் நல்லபடி முடிந்து நாங்கள் எழும்பும்போதுதான் பவளம் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள். மிசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்.

"மாமா, இது ஏத்தத்திலை ஏறுமோ?"

மகனே, அத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் தோன்றாத கேள்வி அது. கொழும்பு தட்டை. இந்த எஞ்சின் பிறந்து வந்ததிலிருந்து கடல் மட்டத்தில் ஓடியதுதான், ஒரு மலையைக் கண்டதில்லை. உன் கந்தோரோ ஸ்டேஷனுக்கு மேலே குன்றில் இருக்கிறது. மாதம் பிறக்குமுன் அங்கே, அந்த முற்றத்தில், அது தன் காலில் போய் நிற்கவேண்டும். சுத்தம் பண்ணின வளையங்கள், பழைய வளையங்கள். காற்றுப் பிடிப்பு நன்றாயிருக்கிறது, கையால் அமுக்கிப் பார்த்தேன், ஆனாலும் ஏறித்தான் தெரியவேண்டும். "ஏறும் பிள்ளை," என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை என்று தெரிந்தது. நல்லது. எதையும் கேட்டுப் பார்க்கிற பிள்ளை உனக்கு வாய்க்கிறாள். நீ ஒரு காரியத்தில் முட்டி நிற்கும்போது, இதற்குக் காரணம் இதுதான் என்று நீயே முடிவு கட்டிவிட்டு அதே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றாதே. திரும்பி வீட்டுக்குள் பார்த்து, உனக்கு ஏதும் தெரியுமோ என்று ஒரு வார்த்தை கேள். என்னிடம் அறிவுரை என்று இருப்பது அவ்வளவுதான். கேட்டிருந்தால் எனக்குத் தோள் மிஞ்சியிருக்கும்.

மலையில் ஓட்டும்போது சொல்ல வேண்டியவை: ஏற்றம் தொடங்குமுன்பே கியரை இறக்கு, இழுத்துத் தவிக்கும்வரை விட்டுவைக்காதே. நடுவில் சூடேறினால் நிறுத்தி ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. இறக்கத்தில் எஞ்சினைக் கியர்ப் பிடியில் வைத்துக்கொண்டு இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பாதே.

இந்தக் கடிதம் இன்றிரவுத் தபால் வண்டியில் உன்னிடம் முந்தி வரும். நாளைக் காலை கோட்டை ஸ்டேஷனில் பெற்றோலை வடித்துவிட்டு, சாக்குச் சுற்றி, பதுளை வண்டியில் ஏற்றுகிறோம். நானா தன் கடை ஆட்களோடு வருகிறார். நாளை மறுநாள் முதல் நான் மறுபடி பஸ்ஸில் போகிறவன்தான். கொட்டில் வெறிச்சோடிப் போகும். ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது மகனே. எஞ்சின் நிற்க வேண்டிய இடம் கொட்டில் அல்ல.

இதைப் பலகையில் வாசிக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் வீட்டிலும் யுத்தத்திலிருந்து இறுகிக் கிடக்கிற மிசின் இருந்தால் அடுத்த ஞாயிறு எங்கள் கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள், இடம் காலியாய் இருக்கிறது. வர முடியாதவர்கள் இதை ஒரு பிரதி எழுதி, வண்டி வைத்திருக்கிற சிநேகிதருக்கு அனுப்புங்கள். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் கீழே எழுதி ஒட்டுங்கள், சண்டை பிடிக்க நான் தயார்!

மகனே, நீ உன் கூட்டாளிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. இறக்கப் பத்துக் கை வேண்டும். பெற்றோல் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, அந்தக் குன்றைப் பிடி. கூட்டாளிகள் பின்னால் ஓடி வரட்டும், ஆனால் தள்ள விடாதே. மேலதிகாரி முற்றத்துக்கு வந்து பார்த்ததும் நேரே தந்திக் கந்தோருக்குப் போ. நியமனம், சம்பளம் எல்லாம் பிறகு ஆறுதலாய் எழுதலாம். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு தந்தி, கொட்டாஞ்சேனைக்கு ஒரு தந்தி, இரண்டிலும் ஒரே சொல் போதும்: ஏறிவிட்டது.